தலையில் அடிபட்டவர் பேசுகிறாரே என்று இருந்துவிடலாமா?



வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். மாசி மாதம். அறுவடை முடிந்து, நெல்லுக்குக் காசு வாங்கிக்கொண்டு எக்ஸெல் வண்டியில் வீடு திரும்பிய ஒருவர், வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தார். விழுந்தவர் ஒரு நிமிஷம் பொறி கலங்கிக் கிடந்தார். பிறகு தானே எழுந்தார், தானே வண்டியை நிமிர்த்தினார், தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தார். வலது பொட்டுக்கு மேலே நெல்லிக்காய் அளவு வீக்கம். முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. வழியில் கொஞ்சம் குடித்தும் இருந்தார்.

விழுந்த கதையை மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தலை வலிக்கிறது என்றார். ஒரு தடவை வாந்தி எடுத்தார். குடித்ததனால் வந்த வாந்தி என்று நினைத்து அந்த அம்மாள் முகத்தைக் கழுவிவிட்டுப் படுக்க வைத்தார். இரவு முழுக்கப் பெரிய குறட்டை. விடிகிற நேரத்தில் எழுப்பினால் எழவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்து நின்றது. மதுரைக்குக் கொண்டு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

"கொறட்டை விட்டுத்தானேய்யா தூங்குனாரு. அசந்து தூங்குறாரேன்னுல்ல எழுப்பாம விட்டேன்" என்று பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. குற்றம் என்றால் எங்களைப் போன்ற சுகாதாரக் கல்விப் பணியாளர்கள் மேல்தான். அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். தடுப்பூசி பற்றிப் பேசினோம், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் காட்டினோம். தலையில் அடிபட்டால் எதைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு நாளும் பேசவில்லை. அதனால்தான் இந்தப் பிரசுரம்.

தூக்குவாளியில் தயிர்

மண்டை ஓடு கெட்டியான பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மூளை, மூன்று சவ்வுகளால் போர்த்தப்பட்டு, கொஞ்சம் நீரில் மிதந்தாற்போல் இருக்கிறது. மூளை தயிர் மாதிரி மெத்தென்ற பொருள். தூக்குவாளியில் தயிர் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். வாளி நசுங்கவில்லை, மூடி திறக்கவில்லை. ஆனாலும் உள்ளே தயிர் முன்னே மோதி, பின்னே மோதி, குலைந்து போகிறது அல்லவா? மண்டைக்குள்ளும் அப்படித்தான். வெளியே காயமே இல்லாமல் உள்ளே மூளை அடிபடலாம். நெற்றியில் விழுந்த அடிக்குப் பின்மண்டைப் பக்கத்து மூளை கன்றிப்போவதும் உண்டு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம். சின்னக் கிழிசலுக்கே சட்டை நனைகிற அளவு ரத்தம் கொட்டும். பார்த்தவர்கள் அலறி அடித்து ஓடுவார்கள். தையல் போட்டதும் அந்த ஆள் நடந்தே வீட்டுக்குப் போவார். ஆகவே கொட்டுகிற ரத்தத்தை வைத்துத் தலைக்காயத்தை எடை போடாதீர்கள். ஆளின் நினைவை வைத்து எடை போடுங்கள். அவர் யார், எங்கே இருக்கிறார், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்கிறாரா? அந்தத் தெளிவு மணிக்கு மணி கூடுகிறதா, குறைகிறதா? இந்தப் பிரசுரத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

கை வீங்கினால் தோல் நெகிழ்ந்து இடம் கொடுக்கிறது. மண்டை ஓடு இடம் கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்து கட்டினாலும், அடிபட்ட மூளை வீங்கினாலும், அந்த அழுத்தம் முழுவதும் மூளையின் மேலேயே விழுகிறது. மூச்சு விடுவதையும் ரத்த ஓட்டத்தையும் நடத்துகிற பகுதி மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. அது நசுங்கினால் உயிர் போகும். அடிபட்ட அந்தக் கணத்தில் ஏற்பட்ட சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. பின்னால் வருகிற இந்த அழுத்தத்தைத்தான் நம்மால் தடுக்க முடியும். மருத்துவர்கள் படும் பாடெல்லாம் இதற்குத்தான்.

பொட்டில் அடி

'பொட்டில் அடித்தாற்போல' என்று பேச்சில் சொல்கிறோம். நம் பெரியவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு கீறினால் அந்தக் குழாய் அறுபட்டு, எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே ரத்தம் சேர ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே அடிபட்டவர் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து, நன்றாகப் பேசுவார், நடப்பார், டீ கூடக் குடிப்பார். உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ கழித்துத் தலைவலி, வாந்தி, அசதி, பிறகு மயக்கம் என்று சரசரவென்று இறங்கிவிடுவார். இடையில் தெளிவாகப் பேசிய அந்த நேரம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

ஏமாறுவது படிக்காத ஜனங்கள் மட்டும் என்று நினைக்கவேண்டாம். நடாஷா ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில நடிகை 2009 மார்ச் மாதம் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, முதலில் வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். பணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கே குறைவில்லை. கைதவறிப் போனது அந்த முதல் சில மணி நேரம்.

இந்த வகை ரத்தக்கட்டியைச் சரியான நேரத்தில் எடுத்துவிட்டால், பலர் பழையபடி எழுந்து வேலைக்குப் போகிறார்கள். அதனால்தான் இதைப்பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

குடித்திருந்தால்

நமது பகுதியில் பல உயிர்கள் இந்த இடத்தில்தான் போகின்றன. குடித்தவருக்கும் நாக்கு குழறும், வாந்தி வரும், தள்ளாடுவார், தூங்கிப்போவார். மண்டைக்குள் ரத்தம் கட்டியவருக்கும் அதேதான். வீட்டில் உள்ளவர்களால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால், ஸ்கேன் எடுக்காமல் மருத்துவராலும் பல சமயம் பிரிக்க முடியாது.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு சட்டம் சொல்கிறேன். குடித்துவிட்டு வந்தவரின் தலையிலோ முகத்திலோ வீக்கம், கீறல், ரத்தம், மண் எது இருந்தாலும், அவர் விழுந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'போதை தெளியட்டும், காலையில் பார்ப்போம்' என்று விடாதீர்கள். கோபம் இருக்கத்தான் செய்யும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சத்தம் போடுவார். அந்தச் சத்தமும் தலைக்காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். மைத்துனரையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ கூப்பிட்டுக்கொண்டாவது அழைத்துப் போங்கள். தூக்கத்தில் வருகிற கரகரவென்ற குறட்டை, வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், அது நல்ல தூக்கம் அல்ல. தொண்டை தளர்ந்து மூச்சு தடைப்படுகிற சத்தம் அது. தட்டி எழுப்புங்கள். எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

உடனே புறப்படவேண்டிய நேரம்

அடிபட்டதும் சிறிது நேரமாவது நினைவு தப்பியிருந்தால், என்ன நடந்தது என்றே ஞாபகம் இல்லை என்றால், பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், புறப்படுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, சொன்னதையே சொல்வது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பார்வை இரண்டாகத் தெரிவது, இரண்டு கண்பாவைகளும் அளவில் வேறுபடுவது ஆகிய எதுவும் ஆபத்து. மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகினால் அதைச் சளி என்று நினைக்காதீர்கள். மண்டையின் அடித்தளம் கீறி, மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறது என்று பொருள். அதைப் பஞ்சு வைத்து அடைக்கக்கூடாது, மூக்கைச் சிந்தவும் கூடாது. அடிபடாத கண்கள் இரண்டும் மை பூசினாற்போல் கறுத்தாலும், காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்தாலும் இதே சந்தேகம்தான்.

"அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது" என்று ஊரில் சொல்வார்கள். அரை உண்மை. தூக்கத்தால் ஆபத்து வருவதில்லை. தூக்கம் என்று நாம் நினைப்பது மயக்கமாக இருந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்ன பேச்சு அது. மருத்துவர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்கலாம். ஆனால் முதல் நாள் இரவு யாராவது ஒருவர் பக்கத்தில் படுத்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பேர் கேட்கவேண்டும். "என்னய்யா, தூங்கவும் விடமாட்டீயா?" என்று எரிந்து விழுந்தால் சந்தோஷப்படுங்கள்.

சாலையில் விழுந்து கிடந்தால்

மதுரையைச் சுற்றி நாலாபக்கமும் அகலமான சாலைகள் வந்துவிட்டன. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் வழியே போகிற நான்குவழிச் சாலையை ஊர்க்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் ஆடுமாடு ஓட்டிக்கொண்டும் குறுக்கே கடக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் சாலை விபத்தில் இறந்தவர்கள் ஆண்டுக்கு 17,000-க்கும் அதிகம். சாலை மட்டுமல்ல. தென்னை மரத்திலிருந்து விழுவது, மழையில் மண்சுவர் சரிவது, தை மாதம் வாடிவாசலில் மாடு தூக்கி எறிவது, கோயில் திருவிழாவுக்கு லோடு வண்டியில் நின்றுகொண்டே போய் உருளுவது என்று நம் பக்கத்துக் காரணங்கள் பல.

இப்படி ஒருவர் விழுந்து கிடந்தால், முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, காசு கிடையாது. பாலம், கோயில், மைல்கல், பெட்ரோல் பங்க் என்று அடையாளம் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள், பின்னால் வரும் வாகனம் மோதாதபடி ஒருவர் தள்ளி நின்று கைகாட்டட்டும்.

தலையில் பலமான அடி என்றால் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம் என்றே நினைக்கவேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? ஒருவர் அக்குளில் கை கொடுக்க, ஒருவர் காலைப் பிடிக்க, தலை தொங்கத் தொங்கத் தூக்கி, ஷேர் ஆட்டோவில் மடித்துப் போட்டு ஓடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் உடைந்த கழுத்து அந்த ஓட்டத்தில் தண்டுவடத்தை வெட்டிவிட்டால், பிழைத்தவர் ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடப்பார். நெருப்போ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல நாலு பேராகப் பக்கவாட்டில் திருப்புங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். எலும்பு உள்ளே அமுங்கினாற்போல் தெரிந்தால் மட்டும் அழுத்தாமல், மேலே துணியைப் போர்த்தி விடுங்கள். குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்கவேண்டாம். ஹெல்மெட் போட்டிருந்து, மூச்சு நன்றாக இருந்தால், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழற்றட்டும்.

தண்ணீரும் சோடாவும் வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பாசத்தோடு ஊற்றிய ஒரு மடக்கே ஆளைக் கொன்றிருக்கிறது. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, புகையிலை எதையும் அப்பவேண்டாம். திறந்த மண்டைக்குள் சீழ் வைப்பதற்கு அது வழி. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது பெரும்பாலும் தானாகவே சில நிமிஷத்தில் நிற்கிறது, சாவிக்குப் பேர் கிடைக்கிறது. வாயில் எதையும் திணிக்காமல், சுற்றியுள்ள கல்லையும் கம்பியையும் நகர்த்தினால் போதும்.

"தூக்கிப் போனா போலீஸ் கேசுன்னு அலையணும்ல?" என்று கேட்பீர்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்தவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயர், விலாசம் கொடுக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணமும் கேட்க முடியாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம்.

எந்த ஆஸ்பத்திரி?

"பக்கத்துல ஒரு ஊசி போட்டுட்டுப் போவோம்ணே" என்று வழியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. தலைக்காயத்துக்கு வேண்டியது சி.டி. ஸ்கேனும், மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் விடுங்கள். மதுரையில் மக்கள் இன்றும் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு இராசாசி மருத்துவமனைக்கு, நம் மாவட்டத்திலிருந்து மட்டுமல்ல, சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் தலைக்காயக்காரர்கள் வருகிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. கையில் பணம் இல்லையே என்று தாலிக்கொடியை அடகு வைக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். முதலில் ஆள் போகட்டும்.

அங்கே போனதும் உடனே தலையைப் பார்க்கவில்லையே என்று கோபப்படுவார்கள். முதலில் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும்தான் சரிசெய்வார்கள். காற்றும் ரத்தமும் போகாத மூளை நிமிஷக் கணக்கில் சாகிறது. கழுத்தில் பட்டை மாட்டுவார்கள். பிறகு கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மார்க் போடுவார்கள். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974-இல் உண்டாக்கிய கணக்கு இது. முழுத் தெளிவுக்கு 15, ஆழ்ந்த மயக்கத்துக்கு 3. '15-க்கு 8' அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம், மூச்சுக்குழாய் போடவேண்டியிருக்கும். ஒரு நர்ஸ் அடிக்கடி வந்து "உங்க பேரென்ன, கையைத் தூக்குங்க" என்று கேட்பது வம்புக்கு அல்ல. இந்த மார்க் இறங்குகிறதா என்று பார்க்கத்தான். தேவைப்படுகிறவர்களுக்கு ரத்தக்கசிவைக் குறைக்கும் ஒரு ஊசியும் உண்டு. அது அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தருகிறது என்று 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. சீக்கிரம் வாருங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடியில் மண்டை உடைந்து, கொடியோடு விழுந்த குமரன் மறுநாளே ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அந்தக் காலத்தில் நம் நாட்டில் மூளை அறுவைக்கென்று தனித்துறையே கிடையாது. 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் அதைத் தொடங்கினார்கள். அப்போதும் மண்டைக்குள் எங்கே ரத்தம் கட்டியிருக்கிறது என்று படம் பிடிக்கும் ஸ்கேன் இல்லை. ஊகத்தின் பேரில் துளை போட்டுத் தேடவேண்டியிருந்தது. 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைச் சி.டி. ஸ்கேன் செய்தார்கள். இன்று அது சில நிமிஷ வேலை. கர்ப்பிணியாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆனால் பயந்து மறுக்காதீர்கள். தலைக்கு எடுக்கிற ஸ்கேனில் வயிற்றுக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிற கதிர் மிக மிகக் குறைவு. தாய் பிழைத்தால்தான் குழந்தையும் பிழைக்கும்.

ஆபரேஷன் என்றால்

தலைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. ரத்தக்கட்டி பெரிதாக இருந்தால் எலும்பைத் திறந்து எடுப்பார்கள். "மண்டையத் தொறந்தா ஆளு அவ்வளவுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்து, சித்தப்பா வரட்டும், மாமன் வரட்டும் என்று இரண்டு மணி நேரம் போக்குகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அகத்தியர் ஓர் அரசனின் மண்டையைத் திறந்ததும், உள்ளிருந்த தேரையைச் சீடர் தண்ணீரைக் காட்டி வெளியே வரவழைத்ததும் நம் நாட்டுக் கதை. அந்தச் சீடருக்குத் தேரையர் என்றே பெயர். கதை கதையாக இருக்கட்டும். மண்டையைத் திறந்து பிழைக்க வைக்கலாம் என்று அன்றைக்கே நம்பியிருக்கிறார்கள்.

மூளை மிகவும் வீங்கியிருந்தால், எடுத்த எலும்பை உடனே திருப்பி வைக்காமல், வீக்கத்துக்கு இடம்விட்டுத் தோலை மட்டும் மூடுவது உண்டு. அந்த எலும்பைச் சில சமயம் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். வயிற்றில் ஏன் தையல் என்று பதறவேண்டாம். சில வாரமோ சில மாதமோ கழித்து எடுத்துத் தலையில் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் எலும்பு இல்லை என்பதை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சிலருக்கு எல்லாம் செய்தும் மூளை முழுவதும் செத்துவிடுகிறது. மயக்கம் வேறு, மூளைச்சாவு வேறு. மயக்கத்திலிருந்து மீள வாய்ப்பு உண்டு. மூளைச்சாவிலிருந்து மீட்சி இல்லை. சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துத்தான் அதை உறுதி செய்யும். அந்த நேரத்தில் உறுப்புதானம் பற்றிக் கேட்பார்கள். சரி என்பதும் மாட்டேன் என்பதும் குடும்பத்தின் உரிமை. தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

பிள்ளையும் பெரியவரும்

கைக்குழந்தைகள் திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விழத்தான் செய்யும். உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் பால் குடித்து விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தலையில் பொதபொதவென்ற வீக்கம், விடாத வாந்தி, பால் குடிக்காமை, உச்சிக்குழி புடைப்பு, எழுப்ப முடியாத அசதி இருந்தால் ஓடுங்கள். தூளியின் முடிச்சையும், அது தொங்குகிற விட்டத்தையும் வாரம் ஒரு முறை தகப்பனார் இழுத்துப் பார்க்கட்டும். அழுகிற பிள்ளையை எரிச்சலில் பிடித்து உலுக்குவது விழுவதைவிட மோசம். பச்சைப்பிள்ளையின் கழுத்துக்கு அந்த உலுக்கலைத் தாங்கும் பலம் இல்லை.

வயதானவர்கள் விஷயம் வேறு. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இடம் கூடுகிறது. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்ட அப்பத்தாவுக்கு அன்று ஒன்றும் இருக்காது. சின்ன நரம்பு ஒன்றிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, மூன்று நான்கு வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு மாறும், படுக்கையிலேயே சிறுநீர் போகும். 'வயசாயிருச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று நாமும் விட்டுவிடுகிறோம். நெஞ்சுவலிக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நெடுநாள் குடிகாரர்களுக்கும் இது அதிகம். சின்னத் துளை வழியாக அந்த ரத்தத்தை வடித்ததும், பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில வீடுகளில் தலைக்காயம் வண்டியிலிருந்து விழுந்ததால் வருவதில்லை, சுவரில் மோதப்பட்டதால் வருகிறது. வழுக்கி விழுந்தேன் என்று மறைக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். மருத்துவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

தலைக்கவசம்

அரேபியா லாரன்ஸ் என்று பேர்பெற்ற ஆங்கிலப் படைவீரர் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் விபத்துகளையே ஆராய்ந்து, 1941-இல் தலைக்கவசத்தின் பயனை எழுதினார். பிற்காலத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கவசம் மரணத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரியவந்தது. ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிற மனைவிக்கும், நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சட்டப்படி வேண்டும். நடப்பது என்ன? போலீஸ் நிற்கிற இடத்தில் கணவர் தலையில் ஏறுகிறது, தாண்டியதும் டேங்க் மேல் உட்காருகிறது. மனைவிக்கு வாங்குவதே இல்லை. "மல்லிகப்பூ நசுங்கிரும்யா" என்கிறார்கள். போய்ச் சேர்ந்தபின் பூ வைத்துக்கொள்ளலாமே. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, தாடைப் பட்டையை மாட்டவேண்டும். பட்டை மாட்டாத கவசம் விழும்போது ஆளுக்கு முன்னே பறந்துவிடும். சேலைத் தலைப்பைச் சொருகிக்கொள்வதும், பின்சக்கரத்துச் சேலைக் கம்பியைக் கழற்றாமல் இருப்பதும் இதோடு சேர்ந்தவை.

வீடு திரும்பிய பிறகு

உயிர் பிழைத்து வந்தவரைப் பார்த்து, சில மாதம் கழித்து மனைவி சொல்வாள்: "இவரு பழைய ஆளு இல்லீங்க நர்சம்மா." சின்னச் சத்தத்துக்கும் கத்துவார். சொன்னதை மறப்பார். குழம்பில் வாசனையே இல்லை என்பார். சிரிக்கவேண்டாத இடத்தில் சிரிப்பார். தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம், கூடவும் செய்யலாம். பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போக வேண்டாம். அடிபட்ட மூளை ஆறுகிற விதம் அது. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். வீட்டில் சத்தத்தைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரே வேலை கொடுத்து, நல்ல ஓய்வும் கொடுங்கள். மது அறவே கூடாது. மருத்துவர் சொல்லும் வரை வண்டி, மோட்டார் பம்பு, கிணற்றுப் பக்கம், மரம் ஏறுவது எதுவும் கூடாது. கவனிக்கிற மனைவியும் களைத்துப்போகிறாள். வாரம் ஒரு நாளாவது நாத்தனாரோ கொழுந்தனோ வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். அடிபட்டது மனைவியாக இருந்து, அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லவேண்டும். வலிப்பு மாத்திரைகளில் சில, முக்கியமாக வால்ப்ரோயேட் என்பது, வயிற்றுக் குழந்தையின் அமைப்பையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. மாற்று மாத்திரைகள் உண்டு. மாற்றி முடியும் வரை கருத்தடை முறை எது ஏற்றது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரைகளில் வேறு சில, கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இதைக் கேட்பதற்கு வெட்கம் தேவையில்லை.

மறு பரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் அட்டை, மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் படம் மூன்றையும் கொண்டு போங்கள். ஸ்கேன் படத்தைச் சுருட்டிக் கூரையில் செருகி வைத்தால் புகையும் எலியும் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கிற இரும்புப் பெட்டியிலேயே தட்டையாக வையுங்கள்.